தீம் மாற்றத்தால் கலைந்த மெனுவும் அழிக்கப்பட்ட சிஎஸ்எஸ் மாற்றங்களும் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: என் வலைப்பூவின் தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புரு) மாற்றப்பட்டபோது மெனு குலைந்தது, தவறான ஆலோசனை தரப்பட்டது, கேளாமலே பழைய தீம் அழிக்கப்பட்டது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வேர்ட்பிரஸ் என்னும் வலைத்தள மென்பொருளில் இயங்கும் என் வலைப்பூ நான்கு ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. அதன் பராமரிப்பையும் தாங்களே பார்த்து வருகிறீர்கள். சென்ற மாதம், எதையும் இழக்காமல் புதிய தோற்றத்துக்கு மாறலாம் என்ற தங்கள் அறிவிப்பை நம்பி, தனிக் கட்டணம் செலுத்தித் தீம் மாற்றித் தரும்படி கேட்டேன். மாற்றம் அன்றிரவே முடிந்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. மறுநாள் காலையில் தளத்தைத் திறந்தபோது, வேலையை முடித்தவர் முகப்புப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஏழு தலைப்புகளும் அவற்றின் துணைத் தலைப்புகளும் மேல்மெனுவில் இல்லை. நான் வெளியிட்ட எல்லாப் பக்கங்களின் பெயர்களும் அங்கே அகரவரிசையில் நின்றன. மின்னஞ்சல் வழியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சுட்டி அனுப்பும் நன்றிப் பக்கமும், வெளியில் காட்ட வேண்டாம் என்று மெனுவில் சேர்க்காமல் விட்டிருந்த பழைய அறிவிப்பு ஒன்றும் அந்த வரிசையில் இருந்தன. வாசகர்கள் அவற்றைத் திறந்து படித்துவிட்டு, இது என்ன என்று எனக்கே எழுதிக் கேட்டார்கள்.

எழுத்துகளின் நிலையும் மோசமாக இருந்தது. தமிழில் இகர, ஈகாரக் குறிகள் எழுத்துக்கு மேலே வளைகின்றன. உகர, ஊகாரக் குறிகள் பல எழுத்துகளில் கீழே இறங்குகின்றன. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைத்த நெருக்கமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது என்பதால், பத்திகளுக்கும் தலைப்புகளுக்கும் தனித்தனியாக இடைவெளி கொடுத்து, தோற்றத்துக்கான விதிகளை எழுதும் 'கூடுதல் சிஎஸ்எஸ்' பகுதியில் ஏறத்தாழ 140 வரிகள் எழுதி வைத்திருந்தேன். புதிய தீமில் அந்தப் பகுதி வெறுமையாக இருந்தது. இரண்டு வரிகளில் வரும் தலைப்புகளில் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கி'யை இடித்துக்கொண்டு நின்றது.

தங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். கேச்சை (சேமித்து வைக்கப்பட்ட பழைய நகலை) நீக்கிவிட்டுப் பாருங்கள் என்று முதல் பதில் வந்தது, நீக்கினேன், பயனில்லை. இரண்டாவது பதிலில், தீம் மாறும்போது தனிப்பயன் சிஎஸ்எஸ்ஸும் மெனுவும் அழிந்துவிடுவது இயல்பே என்றும், அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதை நம்பி மூன்று இரவுகள் உட்கார்ந்து, நினைவில் இருந்ததைக் கொண்டு விதிகளை எழுதினேன். நான்காம் நாள், பழைய தீமை 'நேரடி முன்னோட்ட'த்தில் தற்செயலாகத் திறந்தபோது என் 140 வரிகளும் எழுத்துப் பிசகாமல் அங்கேயே இருந்தன.

2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் கூடுதல் சிஎஸ்எஸ்ஸைத் தரவுத்தளத்தில், ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாகச் சேமிக்கிறது. தீமை மாற்றினால் புதிய தீமுக்குரிய வெற்றுப் பெட்டி கண்ணுக்குத் தெரியும், பழையது அழிவதில்லை. மெனுவும் அப்படித்தான். அதன் தலைப்புகளும் அடுக்கும் தளத்துக்குச் சொந்தமானவை. தீமைச் சார்ந்திருப்பது, எந்த மெனு எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்ற ஒதுக்கீடு மட்டுமே. 2017 நவம்பரில் வந்த 4.9 பதிப்பு முதல் இந்த ஒதுக்கீட்டையும் புதிய தீமுக்குப் பொருத்த வேர்ட்பிரஸ் முயல்கிறது என்றாலும், இரு தீம்களிலும் மெனு இடங்களின் பெயர்கள் ஒத்துப்போகாவிட்டால் இடம் காலியாகவே நின்றுவிடும். காலியான இடத்தில்தான் எல்லாப் பக்கங்களின் பட்டியலும் வந்து உட்கார்ந்தது. 'இடங்களை நிர்வகி' என்ற பக்கத்துக்குப் போய் என் மெனுவைத் தேர்ந்து சேமித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதைச் சொல்ல வேண்டியவர்கள் தாங்கள் அல்லவா?

பழைய விதிகள் எல்லாம் புதிய தீமில் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிஎஸ்எஸ் விதிகள் சுட்டும் கிளாஸ் பெயர்கள் தீமுக்குத் தீம் மாறும் என்பதையும், மீட்டெடுத்த 140 வரிகளில் பாதியை நான்தான் திருத்த வேண்டியிருக்கும் என்பதையும் அறிவேன். இருக்கிற வரிகளைத் திருத்துவதற்கும் அவை அழிந்துவிட்டதாக எண்ணி முதலிலிருந்து எழுதுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

இதுவரை சொன்னவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. இனிச் சொல்வதை என்னால் சரிசெய்ய முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கருத்துப் பெட்டியின் அமைப்பையும் பதிவுப் படங்களின் ஓரத்தையும் மாற்றித் தரும்படி நான் கேட்டபோது, தங்கள் ஊழியர் அந்த மாற்றங்களைச் சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களைத் தனியே வைக்கும் துணைத் தீம்) அமைத்துச் செய்யாமல், மூலத் தீமின் ஸ்டைல் கோப்பிலேயே நேரடியாக எழுதியிருக்கிறார். தீமைப் புதுப்பித்தாலே அழிந்துபோகும் இடம் அது. இப்போது, பயன்படுத்தாத தீம் பாதுகாப்புக்கு ஆபத்து என்று காரணம் சொல்லி, என்னைக் கேளாமலே பழைய தீமின் கோப்புறை முழுவதையும் நீக்கிவிட்டீர்கள். காப்புநகலிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் எடுத்துத் தரும்படி அன்றே எழுதினேன். நகல்கள் 14 நாள்கள் மட்டுமே வைத்திருக்கப்படும், அந்தக் காலம் கடந்துவிட்டது என்று தங்கள் பதில் 16ஆம் நாள் வந்தது. காலத்தைக் கடத்தியவர்களே காலம் கடந்துவிட்டதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, அந்த ஸ்டைல் கோப்பின் நகல் தங்கள் வசம் வேறு எங்கேனும் இருக்கிறதா என்று தேடித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால், அதே மாற்றங்களை இப்போதைய தீமுக்கு ஒரு சைல்டு தீம் அமைத்து, கட்டணம் இன்றிச் செய்து தர வேண்டும். தீம் மாற்றத்துக்காக நான் செலுத்திய தொகையையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். இனி எந்த வாடிக்கையாளருக்குத் தீம் மாற்றினாலும் முதலில் ஒரு சோதனைத் தளத்தில் மாற்றிக் காட்டி, மெனு ஒதுக்கீட்டையும் கூடுதல் சிஎஸ்எஸ்ஸையும் சரிபார்த்த பிறகே நேரடித் தளத்தில் கை வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். எதையும் இழக்காமல் என்ற சொற்களை அதுவரையிலாவது அறிவிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். உதவிப் பிரிவின் இரண்டு பதில்களும், நீக்குவதற்கு முன் பழைய தீமின் முன்னோட்டத்தில் நான் எடுத்த திரைப்பிடிப்புகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

15 நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை, பாதுகாப்புக் காரணம் உட்பட எக்காரணம் கொண்டும், என்னிடம் கேளாமல் என் தளத்தின் தீம் கோப்புறையில் எதையும் நீக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்