அருங்காட்சியகத்தின் அடுத்த பணிப்பாளரைத் தெரிவு செய்யவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும்,

எமது மாவட்டத்தின் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் புதிய பணிப்பாளர் ஒருவரைத் தெரிவு செய்யவும், அதன் நோக்கக் கூற்றைத் திருத்தி எழுதவும் தங்கள் சபை தீர்மானித்திருப்பதை அறிந்து இம்மடலை எழுதுகிறேன். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மாணவர்களோடு பலமுறை அங்கு வந்திருக்கிறேன்; அயலவர் சிலரின் பழைய ஆவணங்களை ஒப்படைக்கவும் துணைநின்றிருக்கிறேன். முதலில் நோக்கத்தைத் தீர்மானித்துக்கொண்டு அதன் பிறகே ஆளைத் தேடுங்கள் என்பது என் வேண்டுகோள். இப்போது நடப்பது மறுதலையாக இருக்கிறது. அடுத்து யார் வரப்போகிறார் என்ற பேச்சு கடைவீதி வரை வந்துவிட்டது. வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

இன்று காட்சிக்கூடத்தில் பேரிடத்தைப் பிடித்திருப்பது தேயிலை. உருட்டும் இயந்திரத்தின் பாகங்கள், துரைமாரின் நிழற்படங்கள், ஏற்றுமதிப் பெட்டிகள், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைக் கூறும் பலகை ஆகியவை சுவரையும் தரையையும் நிறைத்திருக்கின்றன. இவை வேண்டாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்டி ஹந்தானையில், 1925இல் எழுப்பப்பட்ட தொழிற்சாலைக் கட்டடமொன்றில் இயங்கும் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் இதே கதையை எம்மைவிடப் பெரிய இயந்திரங்களோடும் கூடுதல் வசதியோடும் சொல்லி வருகிறது. அதன் சிறு நகலாக இன்னொன்று எதற்கு? பயிரின் வரலாற்றை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பயிரை நட்டவர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வதே எமக்குரிய வேலை.

தேயிலைக்கு முன்னர் கோப்பி இருந்தது. அந்தக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டார்கள். 2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது அந்தப் பாதை மீண்டும் பேசப்பட்டது. எமது காட்சிக்கூடத்தில் அந்தப் பாதையின் வரைபடம்கூட இல்லை. கோப்பிக் காலத்தில் பறிப்புப் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை அதன் இடத்துக்கு வந்த பிறகே குடும்பம் குடும்பமாக லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிலைத்தனர். இந்த ஒரு மாற்றத்தை விளங்கிக்கொள்ளாத மாணவருக்கு லயம் ஏன் மலைநாட்டில் எழுந்தது, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பரா ஏன் தேவைப்பட்டது, பெண்கள் ஏன் தொழிலாளரில் பெரும்பகுதியாயினர் என்பவை ஒன்றும் பிடிபடா.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது காகிதங்களைப் பற்றி. மலையகத்தவரின் வாழ்வை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்டிப்படைத்தவை காகிதங்களே. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, ஒரு தொழிலாளியின் கடனை இன்ன தொகைக்குத் தீர்த்தால் அவரை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த ‘துண்டு’ இருந்தது. கடனோடு சேர்த்து ஆளும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார். பிறகு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கேட்பதற்குத் தொடர்ச்சியான வதிவை நிரூபிக்க வேண்டியிருந்தது: மணமானவர்கள் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர்கள் பத்து ஆண்டுகள். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்களிடம் கேட்கப்பட்டது எழுத்துச் சான்று. தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்குரோலில் பெயர் பிழையாக எழுதப்பட்டதற்காகவும் பிறப்புப் பதிவு இல்லாததற்காகவும் தள்ளப்பட்ட மனுக்களின் நகல்கள் இன்னும் தகரப் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்த காலம் அது. அதில் ஏறியவர்களின் கடவுச்சீட்டும், இங்கே தங்கிவிட்ட உடன்பிறப்புக்கு அவர்கள் எழுதிய கடிதங்களும் எந்த அரச சுவடிக்கூடத்திலும் ஒரு தொகுதியாகக் கிடைக்க மாட்டா. அவை வீடுகளில் இருக்கின்றன. வீடுகளோ லயங்கள். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்தபோது உயிர்களோடு அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்தே மண்ணுக்குள் போயின. பத்திரமான ஓர் இடம் அருகில் இருந்தும் அதை நம்பிக் கொடுக்க மக்கள் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்துக்கு விடை காண்பதே புதிய பணிப்பாளரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. என் அயலவர் ஒருவர் தம் பாட்டனாரின் பழைய பத்திரங்களையும், தோட்டங்களுக்கு வருவோரைத் தமிழகக் கரையில் தடுத்துவைத்துச் சோதித்த மண்டபம் முகாம் வழியாக வந்தபோது கழுத்தில் மாட்டியிருந்த எண் பொறித்த தகரச் சீட்டையும் தங்கள் நிறுவனத்திடம் கொடுத்தார். பற்றுச்சீட்டு கொடுக்கப்படவில்லை. கொடுத்தது நன்கொடையா இரவலா என்று எவரும் கேட்கவில்லை. ஒரு கண்காட்சியில் அச்சீட்டு ‘பழைய காலத்து வில்லை’ என்ற குறிப்போடு இருந்ததாம். அடுத்த கண்காட்சியில் அது இல்லை. அது எங்கே என்று கேட்டால் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், பதிவேடு எங்கே என்பதற்கும் தெளிவான பதில் இல்லை. யாரையும் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. பொருளொன்று உள்ளே வரும்போது அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையில் வந்தது என்பவற்றை எழுதி ஒப்பமிடாத இடத்தை அருங்காட்சியகம் என்று அழைப்பது மரியாதைக்காக மட்டுமே. மழையும் மூடுபனியும் ஓயாத இந்த உயரத்தில் காகிதம் ஈரம் உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது வீட்டில் புத்தகம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அப்படியிருக்க, வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் ஆவணங்களை அடுக்கியிருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. மின்னுருவாக்கத்தைத் தனியே தொடங்குவது சிரமமாயின், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தைப் போன்றவர்களிடம் உதவி கேட்கலாம்.

இனித் தலைமையைப் பற்றி. தொழிற்சங்கத்தில் செல்வாக்குள்ளவர் ஒருவரை நியமித்தால் பணமும் கட்டடமும் எளிதில் வரும் என்று சபைக்குள் ஒரு கருத்து இருப்பதாக அறிகிறேன். சங்கங்கள் இல்லாவிட்டால் இம்மக்களுக்கு நாதியில்லை என்பதை மறுக்கிறவன் அல்லன் நான். எனினும் 1940இல் முல்லோயாவில் பொலிஸ் சூட்டில் வீழ்ந்த கோவிந்தனுக்கும், 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனுக்கும் உரிமை கொண்டாடும் மேடைகள் பல இருக்கின்றன. எந்த மேடையில் நிற்கிறவரும் தம் கொடியின் நிறத்தில்தான் அந்தக் கதையைச் சொல்வார். தோட்டத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் திரட்டிய வரலாற்றுக்கு எமது கூடத்தில் ஒரு மூலைகூட இல்லாததற்கு, இன்று அவர்களுக்கென்று வலுவான சங்கமொன்று இல்லாததும் காரணமோ என்று எனக்கு ஐயம். சபை இதை மறுத்தால் மகிழ்வேன்.

எமக்குள்ளேயே பேசக் கூசும் விடயங்களையும் பணிப்பாளர் தொட வேண்டும். தொழிலாளரைத் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணி துரையின் ஆள் மட்டுமல்லர், பெரும்பாலும் எம் உறவினர்; கூலியில் கைவைத்தவரும் அவரே. லய வரிசையில் யார் எந்தக் காம்பராவில் இருந்தார் என்பதில் சாதி இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. தோட்ட எல்லைக்கு அப்பால் இருக்கும் சிங்களக் கிராமத்தவருக்கும் ஒரு கதை உண்டு: 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும், காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலத்தையும் அரசுக்குரியவையாகக் கருத இடம் கொடுத்தது, அக்காணிகளில் பெரும்பகுதி பின்னர் தோட்டங்களாயின. உள்ளூர் வரலாறு என்று பெயர்ப்பலகையில் எழுதிவிட்டு அவர்களை வெளியே நிறுத்துவது நியாயமில்லை. விளக்கக் குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் சம அளவில் இருக்க வேண்டும். இப்போது ஆங்கிலக் குறிப்பு ஒரு பந்தியாகவும் தமிழ்க் குறிப்பு ஒரு வரியாகவும் இருக்கின்றன.

சர்வதேச அருங்காட்சியகப் பேரவை 2022 ஓகஸ்டில் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம், அருங்காட்சியகம் இலாப நோக்கற்றதாகவும் எல்லோரும் அணுகக்கூடியதாகவும் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது; தொட்டுணர முடியாத மரபையும் அதன் பொறுப்பில் சேர்க்கிறது. காமன், ரதி கதையைத் தோட்டங்களில் மாசியில் ஆடிப்பாடும் காமன் கூத்தை அதன் பாடகர்கள் இருக்கும்போதே முழுமையாகப் பதிவு செய்வது அந்தப் பொறுப்பில் அடங்கும். தங்கள் சபையில் தற்போது தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர்கூட இல்லை. குறைந்தது இருவருக்கு, அவர்களில் ஒருவராவது கொழுந்தெடுக்கும் பெண்ணாக இருக்கும்படி, வாக்குரிமையுள்ள இடம் அளியுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள்; ஒரு நாட் பெயரை, அதாவது ஒரு நாட் கூலியை, இழந்து யாரும் வர முடியாது.

பணிப்பாளர் பதவிக்குச் சுவடிப் பாதுகாப்பில் பயிற்சியும், தமிழிலும் சிங்களத்திலும் பேசி எழுதும் ஆற்றலும் கட்டாயத் தகைமைகளாகட்டும். கையிலுள்ள பொருட்களின் முழுப் பட்டியலைப் பதவியேற்ற முதலாண்டுக்குள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதை நியமன நிபந்தனையாக எழுதுங்கள். விண்ணப்பம் கோரும் அறிவித்தலைக் கொழும்புப் பத்திரிகைகளோடு நிறுத்திவிடாமல், காலையில் தொழிலாளர் கூடி வேலை பெறும் தோட்டப் பிரட்டுக் களங்களிலும் தபாற் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒட்டுவதற்கு ஆட்கள் வேண்டுமாயின், எமது பழைய மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்