செயலாளர் ஆண்டறிக்கை: நம் தெருவும் நம் வாசலும்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களே, பொருளாளர் அவர்களே, தெருவின் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

போன வருஷ அறிக்கையை நான் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் காப்பி குடிக்கப் போய்விட்டீர்கள். அதனால் வழக்கமான விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு எல்லாம் எரிகிறது. மேலக்கோடிச் சாக்கடை தூர் வாரியாயிற்று. நாய்த் தொல்லை அப்படியேதான் இருக்கிறது. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது, நடுவர் தீர்ப்பைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று தலைவர் சொல்லச் சொன்னார்.

மிச்சம் முழுக்க வண்டி விவகாரம்.

கொல்லத்திலிருந்து திருமங்கலம் போகிற 744-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் இருந்து நம் தெரு பிரிகிறது. பிரானூர் பார்டர் கூப்பிடு தூரம். 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதே எல்லை புளியரை தாண்டி மலைமேல் ஏறிவிட்டது. பார்டர் என்ற பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது, பெயரை ஒட்டிப் பரோட்டாக் கடைகளும் வந்துவிட்டன. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல். அது முடியும் முன்னே சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தது என்று மலையாளத்துக்காரர்கள் போட்டோ எடுக்க வருகிறார்கள். கார்த்திகை 1 முதல் மகரஜோதி வரை ஐயப்பமார் வேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு இது எதுவும் தேவையில்லை, பரோட்டா போதும். கடை வாசலில் இடம் நிரம்பினால் வண்டி நம் தெருவுக்குள் திரும்பும். திரும்பியது நம் கேட்டுக்கு முன்னால் நிற்கும், கேட் திறந்திருந்தால் உள்ளேயே வந்து நிற்கும்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்குத் திரும்பியிருக்கிறார். அவர் வீட்டுக் கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் சிமெண்ட் தளம் போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் கேஎல் 24 நம்பர், கொட்டாரக்கரைக் கார் ஒன்று, அவர் வீட்டுக் கொய்யா மரத்தடியில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது. ஆளைக் காணோம். அந்த உறுப்பினர் அண்ணாச்சிக்கு வந்த கோபத்தில் தன் வண்டியை வெளியில் போட்டுவிட்டு, கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துவிட்டார்.

பத்தரை மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்து கேட்டைத் தட்டினார்கள். குழந்தை வீல் என்று கத்துகிறது. பால் புட்டி காருக்குள். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. "சேட்டா, சேட்டா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பையன் போலீசுக்குப் போன் போட்டான். போலீஸ் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி வீட்டு அக்காவே சாவியை உருவிக்கொண்டு வந்து திறந்து, பாலைச் சுட வைத்தும் கொடுத்துவிட்டார். போலீஸ் வந்தபோது எல்லோரும் போர்டிகோவில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பு யார்மேல் என்று கேட்டதற்கு இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கையை நீட்டியதாகக் கேள்வி.

இதற்குப் பிறகுதான், தென்காசி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் நம் தெரு மாப்பிள்ளையை அழைத்து ஒரு மாலைக் கூட்டம் போட்டோம். அவர் சொன்னதில் நமக்குப் பிடித்ததும் இருந்தது, பிடிக்காததும் இருந்தது.

கேட்டுக்கு உள்ளே இருப்பது நம் பட்டா நிலம். அங்கே கேட்காமல் நிறுத்தினால் போகச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதை உடனே கிரிமினல் கேஸ் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவதற்குத் தண்டனை இருந்தாலும், குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு கொடுக்கவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தார்கள் என்று காட்ட வேண்டும். பரோட்டா தின்ன வந்தவன் மேல் அதைக் காட்டுவது கஷ்டம். மறுபக்கம், நாம் டயரில் காற்றைப் பிடுங்கினாலோ கண்ணாடியை உடைத்தாலோ அது சேதம் விளைவித்தல், 324-ஆம் பிரிவு. கேட்டைப் பூட்டி ஆளை நகரவிடாமல் செய்தால் 126-ஐ நம்மேல் காட்டுவார்கள். அவன் செய்தது சிறுசு, நாம் செய்வது பெருசாகிவிடும் என்றார் மாப்பிள்ளை. கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் அதுவரை கையில் உருட்டிக்கொண்டிருந்த வால்வு முள்ளைச் சட்டைப் பைக்குள் போட்டதை நான் பார்த்தேன்.

கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று வாசலை மறித்தால் கதை வேறு. வீட்டு நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. அப்போது நம் வேலை ஒன்றுதான்: நம்பர் தெரிகிற மாதிரி, கேட்டும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துப் போலீசுக்குச் சொல்வது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுப்படி, தடை உள்ள இடத்தில் நிற்கிற வண்டியை இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிதான் உத்தரவு கொடுக்க முடியும். அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் வண்டி விவரம் வரும், ஓனர் போன் நம்பர் வராது. இதைக் கேட்டுப் பலருக்கு ஏமாற்றம்.

அப்புறம் மாப்பிள்ளை எழுந்து வெளியே வந்து, நம் கேட்டுகளுக்கு முன்னால் இருக்கிற சரிவுகளைக் கையால் காட்டினார். இது யாருடையது என்றார். எங்களுடையது என்றோம், காசு போட்டுக் கட்டியது நாங்கள் என்றோம். கட்டியது நீங்கள், நிலம் ரோட்டுடையது என்றார். வண்டி வராமல் இருக்க நாம் வைத்த பாறாங்கல், பூந்தொட்டி, பழைய உரல், மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பா எல்லாம் ஆக்கிரமிப்புக் கணக்கில் வரும் என்றார். கூட்டம் அத்தோடு கலைந்துவிட்டது. அந்த உரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, செயலாளர் என்ற முறையில் அதையும் எழுதி வைக்கிறேன்.

அறிவிப்புப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் எழுதினால் வருகிறவர்கள் படிப்பதில்லை, மலையாளத்தில் எழுதுவோம் என்று தீர்மானம். வாசகத்தைப் பொருளாளர் ஏற்றுக்கொண்டார். "கேட்டினு முன்னில் பார்க்கு செய்யாம்" என்று மலையாள எழுத்தில் பெயிண்டரிடம் எழுதிக் கொடுத்தார். செய்யாம் என்றால் செய்யாமல் என்பது போல அவர் காதுக்குப் பட்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு தெருவில் நுழைந்த வண்டிகள் கேட் கேட்டாகப் பார்த்து, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒருவர் இறங்கிப் பலகையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனதைக் கீழ வீட்டு அத்தை பார்த்திருக்கிறார். இரண்டாவது வாரம்தான், திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நம் மூத்த வாத்தியார் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்து படித்துவிட்டுச் சிரித்தார். செய்யாம் என்றால் செய்யலாம். செய்யக் கூடாது என்பதற்குச் செய்யருது.

புதுப் பலகை எழுதும் முன் செயற்குழுவில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். போன வருஷம் குடும்பத்தோடு கேரளாவில் தென்மலைப் பக்கம் போனபோது, பதிமூன்று கண் பாலத்தில் ரயிலைப் பார்க்கிற அவசரத்தில் நானும் ஒரு வீட்டுச் சரிவில்தான் வண்டியைப் போட்டேன். திரும்பி வந்தபோது அந்த வீட்டு அம்மச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மோனே, வண்டி ஒந்நு மாற்றியிடாமோ?" என்றார். வண்டியைக் கொஞ்சம் மாற்றிப் போட முடியுமா என்று, அவ்வளவுதான். உள்ளே அவர் மகன் ஸ்கூட்டரில் சாவி போட்டபடி, ஆபீசுக்கு நேரமாகி, காத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நின்றான் என்று நான் கேட்கவில்லை.

புதுப் பலகையில் அந்த அம்மச்சியின் வாசகத்தையே வைத்தோம். அதற்குக் கீழே ஒரு போன் நம்பர், சங்கத்துக்கு என்று வாங்கிய சிம். அப்புறம், கீழக்கோடியில் இருக்கிற காலி மனையை அதன் சொந்தக்காரர் ஞாயிறும் சீசன் நாட்களும் இலவசமாகத் திறந்துவிடச் சம்மதித்தார். முள்ளை வெட்டி, மண் அடித்து, பத்துப் பன்னிரண்டு கார் நிற்கும்படி செய்தோம். பொருளாளரின் பழைய பலகையை கேட்டினு முன்னில் என்ற சொற்களை மட்டும் அடித்துவிட்டு அந்த மனையில் நட்டிருக்கிறோம். இப்போது அதில் எழுதியிருப்பது சரி.

தெருவுக்குள் நிற்பது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. போன கார்த்திகையில் ஒரு வேன் மறித்து நின்றதால் சர்க்கரை இறங்கி மயங்கிய பாட்டியை ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. பாட்டி நலமாக முன் வரிசையில் இருக்கிறார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பலகைச் செலவு இரண்டு தடவை வருவதைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க வேண்டாம், காரணம் மேலே சொல்லியாயிற்று.

இன்று முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காலி மனைச் சங்கிலியின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. கார்த்திகை மாதம் அதிகாலை மூன்று மணிக்குக்கூட வேன் வருகிறது, போன் அடிக்கிறது, என் வீட்டில் என்னை வெளித்திண்ணையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு வீடு என்று முறை போட்டுக்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை. முதல் வாரத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் கையைத் தூக்கவும்.