ஐந்து தட்டுக் கேக்

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணக் கேக்குக்கென்று நேற்று நீ அனுப்பிய படத்தை அப்பாவுக்கும் காட்டினேன். ஐந்து தட்டு, வெள்ளை ஐசிங், மேலிருந்து கீழ்வரை பூ வழிகிறது, வடிவாகத்தான் இருக்கிறது. கீழே எழுதியிருந்த விலையைப் பார்த்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். ஒரு துண்டு ஐந்து டொலர், 350 பேர், ஆக 1,750 டொலர், அதோடு கொண்டுவந்து வைக்கிற கூலி வேறு. எங்கள் காசுக்கு மாற்றிப் பார்க்காதே அம்மா என்று நீ சொல்வாய். நான் மாற்றவில்லை, டொலரிலேயே நெஞ்சு பதறுகிறது.

சரி, வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கேக் வெட்டும் படம் உனக்கு வேண்டும், மருமகனின் ஆட்களுக்கும் அது முக்கியம் என்று விளங்குகிறது. ஆனால் ஒன்றை யோசித்தாயா? அந்தக் காசு மாவுக்கும் முட்டைக்கும் போகவில்லை, ஒருவர் இரண்டு மூன்று நாள் குனிந்திருந்து செய்யும் கைவேலைக்குப் போகிறது. அந்தக் கைவேலையை ஆட்கள் பார்ப்பது பத்து நிமிடம், பிறகு அதைக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பார்ப்பதற்கு ஒன்று, சாப்பிடுவதற்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. இங்கே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ வருடமாக அப்படித்தானே நடக்கிறது. மேடையில் நிற்பது ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் செய்த பொய்க் கேக், கைக்கு வருவது சின்னப் பெட்டிக்குள் ஒரு துண்டு றிச் கேக். யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. "உள்ளே ரெஜிபோம் வைத்துச் செய்து தாருங்கள்" என்று அந்தக் கேக்காரப் பிள்ளையிடமே கேட்டாயானால் விலை பெரிதாக இறங்காது. பூசும் ஐசிங் அதே, செய்யும் பூ அதே, நேரமும் அதே. மிச்சம் வருவது மாவும் பட்டரும் மட்டும்தான். காசு குறைய வேண்டுமென்றால் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும். மேடை அலங்காரம் செய்யப்போகும் ஆட்களிடம் முதலில் கேள், கனபேர் அதையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். எடுத்தால் கத்தி இறங்குகிற இடம் எது என்று இரண்டு பேரும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் உண்மைக் கேக் செருகியிருக்கும். எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அவசரப்பட்டு வேறு தட்டில் கத்தியை ஏற்றி, அது ரெஜிபோமுக்குள் இறுகிப்போய், வெளியே இழுக்கக் கிறீச் என்று ஒரு சத்தம், மைக்கிலும் கேட்டது. வீடியோக்காரன் அதை வெட்டவும் இல்லை. இன்றைக்கும் அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொல்வாள்.

பொய்க் கேக் என்றால் மரியாதை இல்லை என்று அங்கே யாராவது சொன்னால் வெள்ளைக்காரனின் கதையைச் சொல்லு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு இப்படியான கதைகள் வாயில் வந்துவிடும், பொறுத்துக்கொள். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்து 1940இல் கேக்குக்கு மேல் ஐசிங் பூசவே கூடாது என்று தடை போட்டார்கள். சனம் என்ன செய்தது? மட்டையில் செய்த பெரிய மூன்று தட்டுக் கேக் மூடியை வாடகைக்கு எடுத்துவந்து, உள்ளே கையளவு கேக்கை வைத்து மூடி, படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை, 1947இல் எலிசபெத் இளவரசியின் கல்யாணக் கேக்குக்கே அவுஸ்திரேலியாவிலிருந்து சாமான் வந்ததாம். அந்தக் கேக் ஒன்பது அடி உயரம், 500 இறாத்தல். அது அரண்மனை, விடு.

எங்கள் கேக்கின் கதை உனக்குத் தெரியாது. 1993, போர்க்காலப் பொருளாதாரத் தடை, யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஜாம் போத்தலில் விட்டுத் திரி வைத்து எரித்த காலம். பட்டரைக் கண்ணால் காணவில்லை. உன் அம்மம்மா எப்படியோ மாஜரின் தேடிப் பிடித்தா, முட்டை வீட்டுக் கோழியினது, சீனிக்கு மூன்று வீட்டில் கை நீட்டினோம். நானும் சித்தியும் மாறி மாறி அகப்பையால் அடித்தோம், அடுத்த நாள் தாலி கட்டும்போது என் வலது கை தூக்க முடியாமல் நொந்தது. பெரிய தாச்சியில் மணலைச் சூடாக்கி, தட்டை அதுக்குள் இறக்கி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டுச் சுட்டா அம்மம்மா. ஒரு பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது, அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். ஐசிங் கிடையாது. அறுபது பேருக்கு விரல் நீளத் துண்டுதான், ஒருத்தரும் இரண்டாவது கேட்கவில்லை, இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். உன்னை அப்படிச் செய் என்று சொல்லவில்லை. ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அந்தக் கேக்கின் வாசம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, மாலையின் நிறம் மறந்துவிட்டது.

இனி விசயத்துக்கு வருகிறேன். றிச் கேக்கை நான் செய்து தருகிறேன்.

விசா வந்துவிட்டதால் கல்யாணத்துக்கு ஆறு கிழமை முன்பே வந்துவிடுவேன், றிச் கேக்குக்கு அந்த ஆறு கிழமை நல்லது. பிறண்டியில் ஊறின முந்திரிகை வற்றலும் பேரீச்சம்பழமும் இஞ்சிப் பாகும் சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசியும் ரவையும் கஜுவும் சேர்ந்த கேக் சுட்ட அன்றைக்கு நல்லாக இராது, சுற்றி வைத்து நாள் போகப் போகத்தான் ருசி ஏறும். அதில் சீனியும் பிறண்டியும் கனக்க இருப்பதால் பழுதாகாது. பட்டர் கேக்கைப் பெட்டியில் போட நினைக்காதே, அது மூன்றாம் நாள் காய்ந்துவிடும். கணக்கு இதுதான்: பன்னிரண்டுக்கு ஒன்பது அங்குலத் தட்டில், இரண்டுக்கு ஒரு அங்குலமாக வெட்டினால் 54 துண்டு. ஏழு தட்டு சுட்டால் 378. ஒரு தட்டுக்கு ஒரு டசின் முட்டை மஞ்சள், ஆக 84. வெள்ளைக்கரு மிஞ்சுவதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது, சித்தப்பா ஒரு மாதத்துக்கு ஒம்லெட் சாப்பிடட்டும். இது மலிவு என்று பொய் சொல்ல மாட்டேன். கஜுவும் பட்டரும் எங்கேயும் விலைதான். பூசணித் தோசியை இங்கிருந்து நானே கொண்டு வருவேன், கஜுவும் கொஞ்சம் கொண்டு வருவேன். எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அந்த 1,750இல் அரைவாசி வராது என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், வாடகைக் கேக்கையும் சேர்த்து.

இன்னொரு வழியும் இருக்கிறது, மருமகன் ஐசிங் கேக்தான் வேண்டும் என்று நின்றால். மேடையில் ஆட்களுக்குத் தெரிய இரண்டு தட்டுச் சின்ன உண்மைக் கேக் செய்விக்கலாம், பொண்டன்ட் என்று மேலே போர்த்துகிற சீனிமா வேண்டாம், பட்டர் ஐசிங் போதும், அதுதான் விலையும் குறைவு, வாயில் வைக்கவும் நல்லது. மற்ற ஆட்களுக்குக் குசினியிலேயே பெரிய சதுரக் கேக்குகளை வெட்டித் தட்டில் வைத்து அனுப்பட்டும். அதையும் 350 பேருக்கு எடுக்காதே. சோறு கறி, றோல்ஸ், பிறகு வட்டிலாப்பம், ஐஸ்கிறீம் என்று நீயே மெனு சொல்லியிருக்கிறாய், அதுக்குப் பிறகு கேக் கேட்கிறவர்கள் பாதிப்பேர் இருந்தால் பெரிய விசயம். மரக்கறிக்காரர் எத்தனை பேர் என்றும் பார், முட்டை இல்லாத கேக் ஒரு சின்னத் தட்டு தனியாக இருக்கட்டும், மாமியின் பக்கத்துப் பெரியவர்கள் கனபேர் தொடவே மாட்டார்கள்.

பூவுக்குத் தனிக் காசு கொடுக்காதே. மேடைக்கு வரும் ரோசாவில் நாலைந்து, மருந்து அடிக்காததாகக் கேட்டு எடுத்துக் கேக்கில் வைக்கலாம். வெள்ளையாக வடிவாக இருக்கிறது என்று அலரியை மட்டும் வைத்துவிடாதே, அது நஞ்சு. இங்கே வேலியில் நிற்கிறதால் நீ சின்ன வயதில் மாலை கட்டி விளையாடுவாய், உன்னைக் கைகழுவ வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஹோல்காரரிடம் இரண்டு விசயம் கேட்டு எழுத்தில் வாங்கு. வெளியில் செய்த கேக்கைக் கொண்டுவர விடுவார்களா, வெட்டிப் பரிமாறுவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக எடுப்பார்களா? சில இடங்களில் வெட்டுகூலி கேக்கின் விலையைத் தொட்டுவிடும். பெட்டியில் போட்ட துண்டு என்றால் வெட்டவே தேவையில்லை, வாசலில் ஒரு கூடையில் வைத்துவிட்டால் போகும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால் வரப்போகிறவன் கனவில் வருவான் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். சித்தி வைத்துப் படுத்தா, எறும்புதான் வந்தது.

பெட்டி வாங்குவது உன் பொறுப்பு. வெள்ளைப் பெட்டியாக மொத்தமாக எடு, பெயர் அச்சடிக்க வேண்டாம். ஒரு சிவப்பு நூல் கட்டினால் போதும், அதை நான் இருந்துகொண்டு கட்டுவேன், ஆறு கிழமை சும்மா இருந்து என்ன செய்ய?

சித்தி வீட்டு அவணின் உட்பக்கத்தை அங்குலத்தில் அளந்து இந்தக் கிழமைக்குள் சொல்லு. அவவிடம் கேட்டால் "பெரிசுதான் அக்கா" என்பா. நீ போய் அடிமட்டத்தை வைத்துப் பார், ஒரே நேரத்தில் இரண்டு தட்டு போகுமா என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் சுடுவது என்று நான் கணக்குப் போடலாம்.

அன்புடன்
அம்மா