விளக்கை அணைத்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

வேம்பார் கடற்கரை மணலில் அன்றைக்கு எங்களோடு கிடந்தவர்களுக்கும், வீட்டுக்குள் இருந்தபடியே வாசல் லைட்டை அணைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு. விடிந்தால் மாதா பிறந்தநாள். மாதா சிலை இருக்கிற கெபியிலிருந்து கடற்கரை வரைக்கும் சீரியல் செட் மின்னுகிறது. அந்த ராத்திரியில்தான் முழு சந்திர கிரகணமும். திருவிழா விளக்கை அணையுங்கள் என்று ஊர்க் கமிட்டி முன்னால் போய்க் கேட்க எனக்கு வாயே வரவில்லை. சூரிய கிரகணத்துக்குப் போல இதற்குக் கண்ணாடி வேண்டாம், காசும் வேண்டாம், இருட்டு மட்டும் போதும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். தலைவர் அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: "எத்தன மணிக்கு டீச்சர்?" 11 மணியிலிருந்து 82 நிமிஷம் என்றேன். "அணைச்சிருவோம். மாதாவும் பாக்கட்டும்." அண்ணாச்சி, அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி.

தொலைநோக்கி தருவதாகச் சொல்லியிருந்தவர்கள் முந்தின நாள் கையை விரித்துவிட்டார்கள். அதை விடுங்கள். கோவில்பட்டியிலிருந்து பைக்கில், தன் தொலைநோக்கியை மனைவி மடியில் பிள்ளை மாதிரி வைத்துக் கொண்டுவந்தாரே ஒரு நண்பர், அந்த இரண்டு பேருக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாததால் வள்ளமெல்லாம் கரையில் கிடந்தது. நிலா உச்சிக்கு ஏறிவிடும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து போய்விடும் என்று தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தது கடல்காரத் தம்பிகள்தான். 9:57-க்கு ஓரத்தில் கறுப்பு விழுந்தது. அதில் ஒரு தம்பி, "எப்படிப் பாத்தாலும் வளைவாத்தான் அரிக்கி டீச்சர்" என்றான். அந்த வளைவை வைத்துத்தான் பூமி உருண்டை என்று அரிஸ்டாட்டில் வாதாடினார். பாடம் எனக்கு மிச்சம்.

11 மணி தாண்டியதும் கடைசி வெள்ளைக் கீற்றும் போனது. சீரியல் செட் அணைந்தது. பின்னாலேயே முக்கில் நிற்கிற ஹைமாஸ்ட் கம்ப விளக்கும். பௌர்ணமி வானத்தில் அத்தனை நட்சத்திரம் வரும் என்று நானே நினைக்கவில்லை. நடுவில் காய்ச்சின கருப்பட்டிப் பாகு நிறத்தில் நிலா, தெற்கு விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளிறி. பூமியின் காற்று சூரிய வெளிச்சத்தை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது, நீலம் வழியிலேயே சிதறிவிடும், சிவப்பு மட்டும் போய்ச் சேரும் என்றேன். பூமியைச் சுற்றி அந்த நேரம் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது அடைகிறதோ, அந்தச் சிவப்புதான் அது. "அப்போ நம்மூர் விடியலும் அதுல இருக்கா?" என்று ஏழாம் வகுப்புக்காரி கேட்டாள். நமக்கு இப்போது நடுச்சாமம், அதனால் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது.

பக்கத்தில் மஞ்சளாக நின்ற சனியையும் பார்த்தோம். அந்த வருஷம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால், உருண்டையில் ஊசி குத்தினதுபோல் இருந்தது.

கிரகணத்தில் எதுவும் குடிக்கக் கூடாது என்று ஆளாளுக்குச் சொல்ல, "ஆறிப்போனா மட்டும் குடிப்பியளாக்கும்" என்று தூக்குவாளியோடு வந்து சுக்குக் காப்பி ஊற்றின அக்காவுக்கு நன்றி. தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திக் காட்டின ஆச்சிக்கும். கிரகணம் விட்ட பிறகு பையன்கள் அதையே திரும்ப நிறுத்தினார்கள், நின்றது. "அது இம்புட்டு நேரம் நின்ன பழக்கம்ல" என்றார் ஆச்சி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஹைமாஸ்ட் சுவிட்சுப் பெட்டியை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அந்த 82 நிமிஷமும் அங்கேயே நின்ற தம்பிக்குத்தான் பெரிய கடன். அவன் நின்ற இடத்தில் வேப்பமரம் வானத்தை மறைத்திருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

தம்பி, நம் ஊரில் முழுசாகத் தெரியும் அடுத்த முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31. ராத்திரி பத்தரை மணியை ஒட்டி உச்சம், புத்தாண்டுப் பூசைக்கு மணி அடிப்பதற்குள் நிலா வெளுக்க ஆரம்பித்துவிடும். கமிட்டியில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சுவிட்சுப் பெட்டிக்கு நான் காவல்.

அன்புடன்,
உங்கள் பள்ளிக்கூட டீச்சர்