ஒலி எந்தக் கருவியில் வர வேண்டும் என்பதை எங்களிடம் விடுங்கள்

இணைய வகுப்பு, கூட்டச் செயலிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பார்வையற்றவன், கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கணினியில் என் வேலை முழுவதும் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுத்தான் நடக்கிறது. வகுப்பு நேரத்தில் ஒரு பக்கம் மாணவர் கேள்வி கேட்பார்; அதே நொடியில் யார் கை உயர்த்தினார், அரட்டையில் என்ன வந்தது என்று என்விடிஏ சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் கலந்து வந்தால் எதுவும் விளங்காது. அதனால் என்விடிஏவை ஒரு இயர்போனிலும் வகுப்பை வேறொரு ஸ்பீக்கரிலும் கேட்பதுதான் எங்களில் பலருக்கு வழி.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலை உங்கள் செயலிக்குள்ளேயே வையுங்கள்.

அது விண்டோஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலைதானே என்று தோன்றலாம். பாதி வேலையை அது பார்க்கிறது, உண்மைதான். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து ஒவ்வொரு மென்பொருளின் ஒலியையும் தனித்தனிக் கருவிக்கு அனுப்பலாம். விண்டோஸ் 11இல் அது வால்யூம் மிக்ஸருக்குள் இருக்கிறது. லினக்ஸ் கணினிகளில் பாவுகண்ட்ரோல் என்ற ஒலி மென்பொருள் இன்னும் நன்றாகச் செய்யும்: ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு கருவிக்கு மாற்றிவிடலாம். ஆனால் உங்கள் வகுப்புகள் பெரும்பாலும் பிரவுசரில் நடக்கின்றன. விண்டோஸின் கண்ணுக்கு பிரவுசர் என்பது ஒரே மென்பொருள். ஒரு டேபில் வகுப்பும் இன்னொரு டேபில் பாடக் காணொளியும் ஓடினால், அங்கிருந்து இரண்டையும் பிரிக்க முடியாது. தனிச் செயலியாக நிறுவினாலும், அது தானே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டால் விண்டோஸில் நாங்கள் செய்த தேர்வு செல்லாது.

பிரவுசர்கள் இதற்கு எப்போதோ வழி செய்துவிட்டன. ஒரு பக்கத்தின் ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பக்கமே தீர்மானிக்க உதவும் செட்சிங்க்ஐடி என்ற வசதி குரோமில் 2016இலேயே வந்தது, ஃபயர்பாக்ஸில் 2023இல். அதைப் பயன்படுத்தும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். மைக் அனுமதி கொடுக்காதவருக்கு குரோம் கருவிகளின் பெயரைக் காட்டாது. கேட்பதற்கு மட்டும் வரும் மாணவர் மைக்கை மறுப்பது இயல்பு. அவருக்குப் பட்டியல் வெறுமையாகத்தான் கிடைக்கும். ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒரு வரியாவது அங்கே எழுதி வையுங்கள்.

அப்புறம், தேர்ந்தெடுத்த கருவியை நினைவில் வையுங்கள். அது கழன்றுவிட்டால் சத்தமில்லாமல் வேறொன்றுக்குத் தாவாமல், எங்கே மாற்றினீர்கள் என்பதைத் திரைவாசிப்பான் படிக்கும்படி எழுத்தில் சொல்லுங்கள். மீண்டும் செருகினால் பழைய இடத்துக்கே திரும்புங்கள்.

என்விடிஏ 2024.2 பதிப்பில் தன் குரலை ஒரு காதிலும் மற்ற ஒலிகளை மறு காதிலும் தரும் வசதி வந்திருக்கிறது, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கை இயக்கியதும் ஒலி மோனோவாகிவிடும். இடது, வலது என்ற பிரிவே இருக்காது. பாடம் நடத்துபவர் மைக்கை இயக்காமல் என்ன செய்வார்? இரண்டு கருவிகள் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இதில் அந்தரங்கமும் இருக்கிறது. திரையைக் கணினி ஒலியோடு பகிரும்போது, இயல்நிலைக் கருவியில் (கணினி தானாகவே ஒலியை அனுப்பும் கருவியில்) வருவதெல்லாம் வகுப்புக்கே கேட்கும். என்விடிஏவும் அதே கருவியில் இருந்தால், ஒரு மாணவர் எனக்கு மட்டும் எழுதிய செய்தி எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டுவிடும். தன் வீட்டுக் கஷ்டத்தை ஆசிரியரிடம் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைச் செய்து கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன், இரண்டு ஒலிக் கருவிகள் இணைத்த கணினியில் என்விடிஏவை ஓடவிட்டு, மவுஸைத் தொடாமல் ஒரு முழு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். என்விடிஏ இலவசம். சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்ற ஆசிரியர்களையும் மாணவர்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
பார்வையற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்