எட்டு திரெட்டுக்கும் ஒரே முகவரி

அன்பு மாப்ளே,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, ஒரு பிழை என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. நீ பிள்ளைகளுக்கு சி புரோகிராமிங் நடத்துகிறாய், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

பெரிய ஃபைல் ஒன்றை எட்டுத் துண்டாக்கி எட்டு திரெட்டுகளுக்கு, அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் எட்டு வேலைகளுக்கு, பிரித்துக் கொடுக்கும் புரோகிராம். லூப்புக்குள் புது திரெட்டைத் தொடங்கும் பீத்ரெட் கிரியேட்; திரெட்டுக்குப் போய்ச் சேரும் அதன் நான்காவது ஆர்க்யூமென்ட்டாக லூப் எண் ஐ-யின் முகவரியை, அதாவது நினைவகத்தில் அது இருக்கும் இடத்தை, கொடுத்திருந்தேன். 0 முதல் 7 வரை ஆளுக்கொன்று போகவேண்டும். ஓட்டினால் 1, 3, 3, 4, 6, 8, 8, 8. எட்டாம் எண்ணில் துண்டே கிடையாது! மறுபடி ஓட்டினால் வேறு வரிசை. நடுவில் திரையில் எழுதும் ஒரு பிரின்ட்எஃப் போட்டேன், எல்லாம் சரியாக வந்தது. அது தின்ற நேரத்துக்குள் திரெட் ஐ-யைப் படித்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோவார்கள்.

புது திரெட் எந்த நொடியில் ஓடத் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் கொடுத்ததோ எண் இருக்கும் இடத்தை. அது வந்து பார்ப்பதற்குள் லூப் அங்கே அடுத்த எண்ணை எழுதிவிடுகிறது. ஜிசிசி கம்பைலரில் இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்கும் திரெட் சானிடைசரோடு ஓட்டியதும் அந்த வரியையே காட்டிக்கொடுத்தது.

இதைவிட மோசம், ஃபங்ஷனுக்குள் மட்டுமே வாழும் லோக்கல் ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) முகவரியைத் திரெட்டுக்குக் கொடுத்துவிட்டு ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆவது. நாம் மேன்ஷன் அறையைக் காலி செய்த பிறகு உன் அப்பா பழைய விலாசத்துக்கே மணியார்டர் அனுப்பினாரே, அதே கதை. அறை இருக்கும், உள்ளே வேறு ஆள்.

இப்போது எட்டு ஸ்ட்ரக்ட் கொண்ட ஒரு அரேயை மெயினில் வைத்து, திரெட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் ஜாயின் செய்யும்வரை, அதாவது ஒவ்வொன்றும் முடியக் காத்திருந்து முடிக்கும்வரை, மெயின் அதைத் தொடுவதில்லை. ஜாயின் செய்யாமல் டிடாச் செய்வதாக (காத்திருக்காமல் தன்போக்கில் விடுவதாக) இருந்தால், ஒவ்வொன்றுக்கும் மாலாக்கில் தனியாக நினைவக இடம் வாங்கு, வேலை முடித்த திரெட்டே அதை ஃப்ரீ செய்து திருப்பிக் கொடுக்கட்டும். ஆனால் கிரியேட் பூஜ்ஜியம் தவிர வேறு எதையாவது திருப்பினால் அந்தத் திரெட் பிறக்கவே இல்லை, ஃப்ரீ செய்யவேண்டியது நாம்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சி மொழியின் சி11 தரத்தில் வந்த திரெட் நூலகத்திலும் திரெட்டுக்குப் போவது இதே ஒற்றை வாய்ட் பாயிண்டர்தான் (எந்த வகைத் தரவுக்கும் பொருந்தும் முகவரி), ஆகவே பாடம் இரண்டுக்கும் பொருந்தும். முதலில் தப்பான புரோகிராமைப் பிள்ளைகளையே ஓட்டிப் பார்க்கச் சொல். என்னென்ன எண் வந்தது என்று எனக்கு எழுது.

அம்மா சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறார்களா? பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன்.

உன் பழைய ரூம்மேட்