செயலாளர் ஆண்டறிக்கை: கேசட் விவகாரமும் சேர்த்து

அவைக்கு வணக்கம்.

மழை வந்த வாரங்கள் நீங்கலாக நம் சங்கத்தின் ஞாயிறு சைக்கிள் ஓட்டம் தடைபடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது கேசட்டைப் பற்றித்தான், அதாவது சைக்கிளின் பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு. அதற்குக் காரணம் நான்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். என் 11-28 கேசட்டை (சின்னப் பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 28) வைத்துக்கொண்டு பாதியிலேயே முழங்கால் கெஞ்சும். சரி, 11-34 போடுவோம் என்று 11 ஸ்பீடு (11 பல்சக்கரம்) கேசட் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் மெல்லிய வளையம் ஒன்று இருந்தது. உபரி என்று நினைத்து எறிந்துவிட்டேன். கேசட்டைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் பக்கவாட்டில் ஆடியது. ஷிமானோவின் ரோடு 11 ஸ்பீடு ஹப் (கேசட் உட்காரும் சக்கர நடுப்பகுதி), 10 ஸ்பீடு ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம். இந்த 11-34 கேசட்டோ 10 ஸ்பீடு நீளத்துக்குச் செய்தது. அந்த வித்தியாசத்தை நிரப்பத்தான் வளையம். குப்பைக்கூடையைக் கிளறி எடுத்தேன். ஆட்டம் நின்றது.

அடுத்தது பின் டீரெய்லர், செயினைப் பல்சக்கரம் மாற்றுவது. என்னுடையது ஷிமானோ 105 ஆர்7000, செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையானது. அதற்குப் பெரிய பல் 30 வரைதான். சக்கரத்தைச் சுற்றினால் மேல் உருளை 34இல் உரசிக் கரகரவென்றது. உருளையைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் பி-திருகை முழுக்கத் திருகியதும் சத்தம் அடங்கியது. அதோடு வேலை முடிந்தது என்று நம்பினேன்.

அந்த ஞாயிறு அடிவாரத்தில், முன்னால் மிதியோடு சுழலும் பெரிய தட்டில் இருந்தபடியே பின்னால் 34க்கு மாற்றினேன். செயின் பழைய நீளம். டக்கென்று இறுகி, டீரெய்லரை முன்னோக்கி இழுத்து, அது தொங்கும் ஹேங்கரை வளைத்துவிட்டது. மற்றவர்கள் மேலே காபி குடித்தபோது நான் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன்.

வாங்குமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கு இதுதான்: முன் தட்டுகள் 50, 34, வித்தியாசம் 16. பின்னால் 34இல் 11 போனால் 23. கூட்டினால் 39. கியர் மாறும்போது தளரும் செயினைக் குட்டைக் கூண்டு 35 பல் வரைதான் சுருட்டும். நீளக் கூண்டு சரியாக 39. இப்போது நீளக் கூண்டும் நீளமான செயினும் போட்டிருக்கிறேன். 34க்கு 34 என்றால் மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது.

இன்னொரு உறுப்பினர் 8 ஸ்பீடு ஷிஃப்டரை (கியர் மாற்றும் கைப்பிடி) வைத்துக்கொண்டே 9 ஸ்பீடு கேசட் கேட்டார். ஒத்துவராது. 8இல் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் 4.8 மி.மீ., 9இல் சுமார் 4.35, ஷிஃப்டரின் கிளிக் பழைய இடைவெளிக்கே இழுக்கும். ஷிமானோ டியாக்ரா 4700 கியர் வைத்திருப்பவர்களும் கவனிக்க: 10 ஸ்பீடுதான் என்றாலும் கேபிளை இழுக்கும் அளவு வேறு. பழைய 10 ஸ்பீடு டீரெய்லரோடு சேராது. அப்புறம், தேய்ந்த செயினைப் புதுக் கேசட்டில் ஓட்டாதீர்கள். கேசட் சீக்கிரம் தேயும்.

சங்கத்துக்கு லாக்ரிங் கருவி, செயின் விப் (கேசட் சுழலாமல் பிடிக்கும் கருவி), செயின் தேய்மான அளவி, முறுக்குவிசை ஸ்பேனர் வாங்கியாயிற்று. லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர். எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போகவும். செயின் விப் இரண்டு வாரமாகக் காணோம். கேசட் வாங்க நினைப்பவர்கள் பல் எண்ணிக்கையையும் டீரெய்லரின் உட்புறம் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி வந்தால், கடைக்குப் போகுமுன் சேர்ந்து கணக்குப் போடலாம். பெட்டியில் மிஞ்சும் வளையங்களைப் போட அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறோம்.

இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்